வாட்டத்தில் நின்ற லேத்: ஒரு வீட்டுப் பட்டறையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வருபவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு கோயம்புத்தூரின் வடக்குப் புறநகர் ஒன்றில். ஓய்வுக்கு முன்பு அவருடைய கைத்தொழில் அனுபவம் முழுவதும் பழைய பெண்டுலம் கடிகாரங்களைப் பிரித்து, எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டுவதோடு முடிந்துவிட்டது. ஒரு சிறிய நீராவி இயந்திரத்தைத் தன் கையால் செய்து ஓடவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சிலிண்டரே ஊஞ்சல் போல ஆடி, தன் துளையைத் தானே திறந்து மூடிக்கொள்ளும் எளிய வகை அது. தனியாக வால்வு கிடையாது. சிலிண்டரின் உள்விட்டம் 12 மில்லிமீட்டர். விற்பதற்கோ வருமானத்துக்கோ அல்ல, பொழுதுபோக்குக்காக மட்டும். அதற்காக ஒரு பழைய லேத் வாங்கினார். உலோகத்தைச் சுழற்றி, டூல் என்ற வெட்டுக் கருவியால் சீவிக் கடையும் இயந்திரம் அது.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் பிரிவுக்குப் பாடம் எடுத்தவன். லேத் வந்து ஐந்து மாதம் கழிந்த பிறகுதான் என்னை அழைத்தார்கள். அதற்கு முன் நடந்தவற்றை அவருடைய நோட்டிலிருந்து எடுத்திருக்கிறேன். எதையும் தேதி போட்டு எழுதி வைப்பது வங்கிக்காரர்களின் குணம். இந்த ஆய்வு சாத்தியமானதே அந்தக் குணத்தால்தான்.

லேத்தை வாங்கியது

பழைய லேத் கிடைப்பதற்குக் கோவையைப் போன்ற ஊர் தமிழ்நாட்டில் இல்லை. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது, பஞ்சாலைகள் பெருகின, 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். பிறகு பம்பும் மோட்டாரும் இந்த ஊரின் தொழிலாகிவிட்டன. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. ஒன்று மூடினால் அதன் இயந்திரம் இன்னொருவர் கைக்குப் போகும்.

அப்படி மூடப்பட்ட ஒரு சிறு பட்டறையிலிருந்து நாலரை அடி லேத் ஒன்றை 48,000 ரூபாய்க்கு வாங்கினார். எடை ஏறக்குறைய 400 கிலோ. புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நின்ற இன்னொரு லேத்தை அவர் வேண்டாம் என்றது நல்ல முடிவு. பெயிண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. எண்ணெயும் அழுக்கும் படிந்த லேத் தன் தேய்மானத்தை மறைப்பதில்லை. இதில் சக்குக்கு (கடையும் பொருளைப் பிடித்துச் சுழற்றும் பிடி) அருகே ஒரு சாண் அளவுக்குப் படுகை (டூல் நகரும் நீண்ட அடித்தளம்) தேய்ந்திருந்தது. சிறிய வேலைகளெல்லாம் அந்த இடத்தில்தான் நடக்கும் என்பதால் எல்லாப் பழைய லேத்திலும் இது இருக்கும்.

வண்டியில் ஏற்றும்போது அங்கே வெகுகாலம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார்: “தரையை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் சார். மற்றதை லேத் பார்த்துக்கொள்ளும்.” இவர் அதை எடையைப் பற்றிய எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார். கொத்தனாரை அழைத்துக் கேட்டதில், கார் நின்ற தரை 400 கிலோவைத் தாங்காதா என்று கொத்தனார் சிரித்தார். நோட்டில் “தரை: சரி” என்று ஒரு டிக் இருக்கிறது. பின்னால் வந்த தொல்லைகளில் பாதி அந்த டிக்கில் தொடங்கியது.

நிறுத்திய விதம்

இடம் கார் ஷெட். லேத்தின் நான்கு கால்களையும் டைல்ஸ் தரையில் துளையிட்டு, ஆங்கர் போல்ட் போட்டு, அசையாதபடி இறுக்கினார்கள். அசைத்துப் பார்த்தால் மலை போல நின்றது. ரசமட்டம் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் இந்த வேலைக்குப் போதாது என்பது வேறு விஷயம்.

கார் ஷெட் தரைக்கு வாட்டம் உண்டு. மழைத் தண்ணீர் தெருப்பக்கம் ஓட வேண்டும் என்று கொத்தனாரே வைத்துக் கட்டுவார். நடப்பவர் காலுக்கு அது தெரியாது. அந்த வாட்டமும் எல்லா மூலையிலும் ஒன்றுபோல இருக்காது. சரிவான தரையில் லேத் நிற்பதால் மட்டும் கெடுதல் இல்லை. கப்பலில்கூட லேத் ஓடுகிறது. நான்கு காலும் ஒரே தளத்தில் இல்லாத தரையில் போல்ட்டைப் போட்டு இறுக்கினால்தான் வினை. வார்ப்பிரும்புப் படுகை கல்லைப் போலத் தோன்றினாலும், ஈரத்துணியைப் பிழிவதுபோல மயிரிழை அளவுக்கு முறுக்கிக்கொள்ளும்.

மின்சாரம்

லேத்தின் மோட்டார் ஒரு குதிரைத் திறன், மூன்று ஃபேஸ், 415 வோல்ட். வீட்டுக்கு வருவது ஒரே ஃபேஸ், 230 வோல்ட். மூன்று ஃபேஸ் இணைப்பு வாங்கலாம், மோட்டாரை மாற்றலாம், அல்லது ஒரு ஃபேஸை மூன்றாக்கித் தரும் வி.எஃப்.டி. டிரைவ் வைக்கலாம். வேகத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம் என்பதற்காகக் கடைசி வழியை எடுத்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 230 வோல்ட் டிரைவ் வெளியே தருவதும் 230 வோல்ட்தான். நம் ஊர்ச் சிறிய மோட்டார்கள் ஸ்டார் முறையில் கட்டப்பட்டவை. மூன்று சுற்றுகளின் ஒரு முனை உள்ளேயே ஒன்றாக முடிச்சிடப்பட்டு, மூன்று ஒயர் மட்டும் வெளியே வரும். அப்படியே இணைத்தால் மோட்டார் சுழலும், ஆனால் விசை மூன்றில் ஒரு பங்குக்குச் சரிந்துவிடும். டூல் இரும்பைத் தொட்டவுடன் நின்றுவிடும். வைண்டிங் கடையில் கொடுத்து, உள் முடிச்சைப் பிரித்து, ஆறு முனைகளையும் வெளியே எடுத்து, சுற்றுகளை முனைக்கு முனை முக்கோணமாக இணைக்கும் டெல்டாவாக மாற்றிக்கொண்டார். 415 வோல்ட் ஸ்டாரில் ஒவ்வொரு சுற்றுக்கும் கிடைப்பது 240 வோல்ட்தான் என்பதால் டெல்டாவில் 230 கொடுப்பது அதற்குப் பொருத்தம். இதைத் தானே படித்துத் தெரிந்து செய்திருக்கிறார்.

செய்யாமல் விட்டது, பழைய டிரம் சுவிட்சைக் கழற்றுவது. அது டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் அப்படியே இருந்தது. ஓடும்போது அதைத் திருகி நிறுத்த நிறுத்த, டிரைவ் பிழை காட்டி முரண்டு பிடித்தது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் இருக்கக் கூடாது. நிற்கவும் ஓடவும் கட்டளையை டிரைவுக்குத்தான் கொடுக்க வேண்டும். எலெக்ட்ரீஷியன் பிறகு அதே சுவிட்சைக் கட்டளைக் கம்பியில் மாட்டித் தந்தார்.

அடுத்தது, டிரைவ் ஓடும்போதெல்லாம் வீட்டின் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, விழுந்தது. உள்ளே கிரைண்டரில் மாவு பாதியில் நின்றது. டிரைவின் ஃபில்டர் வழியாக எர்த்துக்குப் போகும் சிறு கசிவுதான் காரணம். “ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிடலாம் சார்” என்று ஒரு யோசனை வந்தது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. லேத்துக்குத் தனி லைன் இழுத்து, டிரைவுக்கு ஏற்ற வகை ஆர்.சி.சி.பி. தனியாக வைத்து, எர்த்தையும் புதிதாக்கினார். ஈரக் கையோடு இரும்பைத் தொடும் இடத்தில் உயிர்காக்கும் கருவியைக் கழற்றச் சொல்பவரை அடுத்த முறை வேலைக்கு அழைக்காமல் இருப்பது நல்லது.

முதல் மாதங்களில் கண்டது

நோட்டில் திரும்பத் திரும்ப வரும் வரி: “கோன் அடிக்கிறது.” சக்கில் பிடித்துக் கடைந்த உருளையின் வெளிமுனை பருத்தும், சக் பக்கம் சிறுத்தும் இருந்தது. 120 மில்லிமீட்டர் நீளத்தில் 0.06 மில்லிமீட்டர் வித்தியாசம். நாற்காலிக் கால் கடைய இது ஒன்றுமில்லை. பிஸ்டன் செய்ய இது கெடுதல்.

அவர் கண்ட காரணம், தேய்ந்த படுகை. அவர் கண்ட மருந்து, சக்குக்கு எதிர்ப்புறத்தில் பொருளின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைப் பக்கவாட்டில் தள்ளி வைப்பது. இரு முனையிலும் தாங்கிக் கடையும் வேலையில் கோன் மறைந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் மையம் விலகிய டெயில்ஸ்டாக்கில் டிரில்லை மாட்டித் துளை போட்டால், துளை வாய் அகன்று, அளவு மீறி வரும். இரண்டு கன்மெட்டல் (வெண்கல வகை உலோகம்) துண்டுகள் இப்படிச் சிலிண்டராகாமல் வீணாயின. ஒரு பிழையை இன்னொரு பிழையால் ஈடுகட்டினால் கணக்குப் புத்தகத்தில்கூட அது நிற்காது என்பது அவருக்குத் தெரியாததல்ல.

டூல் விஷயத்திலும் ஒரு தடங்கல் இருந்தது. பெட்டியாகக் கிடைத்த கார்பைடு டிப் டூல்களை வாங்கியிருந்தார். கார்பைடு வேகத்தையும் உறுதியையும் கேட்கும். ஒரு குதிரைத் திறன் லேத்தில் பழகுபவர் கையில் அது இரும்பைச் சீவாமல் பிய்த்தது. ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டூலைத் தானே சாணை பிடித்து, சரியான மைய உயரத்தில் கட்டிய பிறகு பரப்பு மழமழவென்று வந்தது. வேகத்துக்கு அவர் எழுதி ஒட்டியிருந்த கணக்கு சரியானது: மென்னெஃகுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்தால் 25 மில்லிமீட்டர் ராடுக்கு ஏறக்குறைய 320 சுற்று.

சக் கழன்ற மாலை

ஐந்தாவது மாதத்தில் நடந்தது இது. சுவிட்சை அணைத்த பிறகும் சக் நெடுநேரம் சுற்றுவது ஆபத்து என்று அவர் நினைத்தார். நியாயமான நினைப்புதான். மோட்டாரைச் சட்டென்று நிறுத்தும் டி.சி. பிரேக் டிரைவில் இருப்பதைக் கண்டு, நிற்கும் நேரத்தை 0.3 நொடியாக வைத்தார். மூன்று தாடைச் சக்கில் ஒரு மாதம் ஓட்டியதில் கோளாறு எதுவும் தெரியவில்லை.

அன்று பெரிய நான்கு தாடைச் சக்கை மாட்டினார். எடை 14 கிலோ. மரையைத் துடைக்கவில்லை, உள்ளே சுருள் தூள் இருந்தது. கையால் திருகியவரை போதும் என்று விட்டுவிட்டு, 500 சுற்றில் சும்மா ஓட்டிப் பார்த்து, நிறுத்தினார். சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் நின்றது, சக் நிற்கவில்லை. தன் வேகத்திலேயே மரையிலிருந்து கழன்று, படுகையில் விழுந்து, டூல் போஸ்ட்டில் முட்டி நின்றது. அவர் டெயில்ஸ்டாக் பக்கம் நின்றதால் அடிபடவில்லை. படுகையின் வி வடிவ விளிம்பில் ஒரு வடு மட்டும் விழுந்தது.

மரைச் சக் உள்ள லேத்தில், கடையும்போது டூல் கொடுக்கும் எதிர்ப்பே சக்கை மேலும் இறுக்கும். அதனால் அது கழலும் என்ற எண்ணமே வராது. திடீரென நிறுத்துவதும், ஓட்டத்தில் திசை மாற்றுவதும் அதே மரையைப் பிரிக்கும் வேலையைச் செய்கின்றன. பழைய மோட்டார் தானாக ஓய்ந்து நிற்கும் என்பதை நம்பி அமைந்தது அந்த லேத். பழைய இயந்திரத்தில் புதிய மின்னணுவைச் சேர்க்கும்போது யாரும் பார்க்காமல் விடுவது இந்த இடத்தைத்தான்.

மறுநாள் காலை எனக்குத் தொலைபேசி வந்தது.

நான் பார்த்தது

உள்ளே நுழைந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை லேத்தைப் பற்றியதல்ல. “சார், அந்தத் துண்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.” தோளில் துண்டு, கையில் பருத்திக் கையுறை, விரலில் மோதிரம். கையுறை பாதுகாப்பு என்று நினைத்திருந்தார். சுழலும் வேலைக்கு அருகே கையுறை விரலைக் காப்பதில்லை, விரலைச் சக்கிடம் ஒப்படைக்கும். சுருளை எடுக்கக் கொக்கியும் பிரஷும் போதும். எங்கள் பயிற்சி நிலையத்தில் தொள தொளச் சட்டையோடு வருபவனை அன்று முழுவதும் பெஞ்சில் உட்காரவைப்போம். இவரை எப்படி உட்காரவைப்பது? சொன்னதும் கேட்டுக்கொண்டார்.

படுகையைக் கிரைண்டிங்குக்கு அனுப்ப முன்பணம் தயாராக வைத்திருந்தார். கேட்ட கூலி லேத் விலையில் முக்கால். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

முதலில் டெயில்ஸ்டாக்கை விலக்கிவிட்டு, 30 மில்லிமீட்டர் ராடைச் சக்கில் மட்டும் பிடித்து, நடுப்பகுதியைச் சற்றுக் குறைத்து, இரு முனையிலும் ஒரு வளையம் மட்டும் மேடாக விட்டு, இரண்டையும் ஒரே அமைப்பில் மிக மெல்லச் சீவினோம். மைக்ரோமீட்டர் அதே 0.06ஐக் காட்டியது. படுகைத் தேய்மானம் மட்டும்தான் காரணமா என்று பார்க்க வேண்டியிருந்தது. பிறகு, மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்வைக் காட்டும் இயந்திர ரசமட்டத்தை நண்பர் ஒருவரிடம் வாங்கி வந்து படுகையின் குறுக்கே வைத்தேன். சக் பக்கம் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தோம். அதே ரசமட்டத்தை டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்தியதும் குமிழ் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தெருப்பக்கம் தாழ்ந்திருந்தது.

வலது முன்காலின் ஆங்கர் நட்டைத் தளர்த்தச் சொன்னேன். இரண்டு சுற்றில் கால் தானாக எழும்பியது. கீழே ஒரு வெற்றிலை நுழையும் அளவு இடைவெளி. ஐந்து மாதமாக லேத் அந்த வெற்றிலை அளவுக்கு முறுக்கிய நிலையிலேயே வேலை செய்திருக்கிறது. தளர்த்தியபடியே மறுபடி சீவிப் பார்த்ததில் 0.06 என்பது 0.02 ஆனது. கிரைண்டிங் முன்பணம் வங்கிக்கே திரும்பிப் போனது.

எடுத்த முடிவுகள்

காலுக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து அங்கேயே சரிசெய்திருக்கலாம். செய்யாததற்குக் காரணம் டைல்ஸ். விரல் முட்டியால் தட்டினால் இரண்டு இடங்களில் பொள்ளல் ஓசை. அடியில் மண் இறங்கியிருந்தது. அடுத்த மழையில் மறுபடி அசையும். எனவே லேத்தை உருளைக் குழாய்களின் மேல் நகர்த்தி, அந்த இடத்து டைல்ஸைப் பெயர்த்து, 150 மில்லிமீட்டர் கனத்தில் கான்கிரீட் மேடை போட்டோம். வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் நடுவே தெர்மோகோல் வைத்து இடைவெளி விட்டோம். 21 நாள் தண்ணீர் கட்டினார். அவசரப்படாத மனிதர்.

இங்கே என் தவறு ஒன்றையும் எழுத வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் அதிர்வைப் பற்றி முன்பே முறையிட்டிருந்ததால், கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வைக்கச் சொன்னேன். மட்டம் நாளுக்கு நாள் அலைந்தது. காலையில் பார்த்த குமிழ் மாலையில் வேறிடத்தில். இரண்டு வாரம் வீணான பிறகு ரப்பரை எடுத்துவிட்டு, எஃகுத் தகடும் சரிசெய்யும் போல்ட்டும் வைத்தோம். அதிர்வைக் குறைத்தது உண்மையில் சுவரோரத்து இடைவெளிதான். பக்கத்து வீட்டில் விசாரித்தபோது, அவரைத் தொந்தரவு செய்தது லேத்தே அல்ல, சாணைக் கல்லின் கீச்சொலி என்று தெரிந்தது. மதியம் இரண்டு முதல் நான்கு வரை சாணை இல்லை என்று ஏற்பாடானது.

டிரைவில் டி.சி. பிரேக்கை நீக்கி, நிற்கும் நேரத்தை ஆறு நொடியாக்கினோம். ஓட்டத்தில் திசை மாறாதபடி பூட்டினோம். சக் மாற்றும்போது மரையைத் துடைத்து, இறுக்கி, முதல் சீவலுக்கு முன் குறைந்த வேகத்தில் ஓட்டுவது வழக்கமானது. படுகை வடுவின் மேடான பகுதியை மட்டும் எண்ணெய்க் கல்லால் தேய்த்துச் சமமாக்கினோம். பள்ளம் இருந்தால் கெடுதல் இல்லை, மேடுதான் கெடுக்கும்.

பிறகு நடந்தது

மேடையில் நிறுத்திச் சமன்செய்த பின் வித்தியாசம் 120 மில்லிமீட்டரில் 0.01. ஒரு மாதம் கழித்து மீண்டும் பார்த்தோம். ஒரு காலைச் சிறிது திருத்த வேண்டியிருந்தது. டெயில்ஸ்டாக் தன் மையத்துக்குத் திரும்பியது. மூன்றாவது கன்மெட்டல் துண்டு சிலிண்டரானது.

பதினான்காவது மாதம் இயந்திரம் ஓடியது. நீராவி அல்ல, சிறிய கம்ப்ரசரின் காற்று. முதலில் இரண்டு சுற்று சுற்றி நின்றது. சிலிண்டர் உரசி ஆடும் போர்ட் (துளை) முகத்தை இன்னும் கொஞ்சம் தேய்த்துச் சமமாக்கியதும் விடாமல் ஓடியது.

அந்தச் சமயத்தில் தெருவிலிருந்த பம்பு மெக்கானிக் ஒருவர் புஷ் கடைந்து தரக் கேட்டார், கூலியும் தருவதாகச் சொன்னார். அவர் மறுத்துவிட்டார். வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய மின்சாரத்தில் தொழில் செய்வது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. தவிர, கூலி வாங்கினால் அவசரம் வரும். அவசரத்துக்கும் அந்த நான்கு தாடைச் சக்குக்கும் ஒத்துவராது என்று அவரே சொன்னார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மறுபடி தொடங்குவதானால் லேத் வருவதற்கு ஒரு மாதம் முன்பே மேடை போட்டிருப்பேன் என்கிறார். பட்டறையிலிருந்து அவர் கொண்டுவந்தது லேத்தை மட்டும். அங்கே அதன் காலடியில் இருந்த கான்கிரீட்டும், சுவரில் இருந்த மூன்று ஃபேஸும், பக்கத்தில் நின்ற பெரியவரும் வரவில்லை. முதல் இரண்டையும் காசு கொடுத்து ஈடுகட்டினார். மூன்றாவதற்குக் காசு தேவைப்பட்டிருக்காது: வாங்குவதற்கு முன் நான்கு வாரம் ஏதாவது ஒரு பட்டறையில் ஓரமாக நின்று பார்த்திருந்தால் துண்டும் கையுறையும் அங்கேயே கழன்றிருக்கும்.

பணக் கணக்கும் மாற வேண்டும். லேத்துக்குக் கொடுத்ததற்குச் சமமாக டிரைவ், வயரிங், மேடை, சக், டூல், அளவுக் கருவி என்று போயிருக்கிறது. மைக்ரோமீட்டரை அவர் வாங்கியது நான்காவது மாதம். அதற்கு முன், அத்தனை நுட்பமில்லாத வெர்னியரோடு 0.06ஐத் துரத்திக்கொண்டிருந்தார். அளவுக் கருவியை லேத்தோடு சேர்த்தே வாங்கியிருக்க வேண்டும்.

நான் மாற்றிக்கொண்டது: இப்போது யாராவது கோன் அடிக்கிறது என்று அழைத்தால், ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு குவளைத் தண்ணீரும் கேட்கிறேன். தரையில் ஊற்றினால் வாட்டம் எந்தப் பக்கம் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சக் அருகே அந்த ஒரு சாண் தேய்மானம் அப்படியே இருக்கிறது. மீதமுள்ள 0.01 அதனால்தான் என்று இருவரும் நினைக்கிறோம். அடுத்து ஒரு பெண்டுலம் கடிகாரத்துக்கு முழுச் சக்கரத் தொகுதியும் கடையப் போகிறார். அதற்கு இது தடையில்லை என்பதால் படுகையைத் தொடுவதாக இல்லை.